ஏற்றத்தாழ்வைப் பற்றிய நூல்கள்: எங்கிருந்து தொடங்குவது, எதை எதற்காகப் படிப்பது?

முதல்வரி கேட்டது:

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாங்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடிப் புனைவல்லாத நூல்களைப் படித்துப் பேசி வருகிறோம். எங்களில் எவரும் பொருளியல் படித்தவர் அல்லர். பொருளாதார ஏற்றத்தாழ்வு, மக்களாட்சி, சமூக நீதி ஆகியவற்றைப் பற்றிய நூல்களை இவ்வாண்டு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து, பலரும் பெயர் சொல்லக் கேட்டதால் பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டியின் 'இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்' நூலை ஆங்கிலத்தில் தொடங்கினோம். ஏறத்தாழ எழுநூறு பக்கங்கள். மூலதனத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதத்தை விளக்கும் முதல் இருநூறு பக்கங்களைத் தாண்டுவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. இருவர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

நூலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்களுக்குள் மூண்ட வாக்குவாதம்தான் என்னை எழுத வைத்தது. "வறுமைதான் தீமை, ஏற்றத்தாழ்வு அன்று, எல்லோருக்கும் உணவும் உறைவிடமும் மருத்துவமும் கிடைத்துவிட்டால், ஒருவரிடம் ஆயிரம் மடங்கு இருப்பதால் மற்றவருக்கு என்ன கேடு?" என்று ஒரு நண்பர் கேட்டார். மறுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. ஒருவராலும் உருப்படியாக மறுக்க முடியவில்லை. இன்னொருவர், வாக்கு ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான் என்னும்போது செல்வக் குவிப்பு மக்களாட்சியை எப்படிக் குலைக்கும் என்பதற்குச் சான்று காட்டும் நூல் வேண்டும் என்கிறார். அறச்சீற்றம் தம்மிடமே போதிய அளவு இருப்பதாகவும், சான்றுதான் இல்லை என்றும் அவரே சொல்லிச் சிரித்தார்.

இவ்விரு கேள்விகளையும் மனத்தில் வைத்து, நான்கைந்து நூல்களுக்கு ஒரு வரிசை சொல்ல முடியுமா?

ஏட்டுக்கணக்கு எழுதியது:

பிக்கெட்டியில் தொடங்கியது தவறில்லை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனதுதான் தவறு. நான் புள்ளியியல் கற்பிப்பவன். இந்நூலை மாணவர்களிடம் கொடுக்கும்போது, முன்னுரையை முடித்தவுடன் நேராக ஏழாம் அத்தியாயத்துக்குப் போகச் சொல்வது என் வழக்கம். பால்சாக் 1835இல் வெளியிட்ட 'கோரியோ கிழவர்' நாவலின் ஒரு காட்சியோடு அந்த அத்தியாயம் தொடங்குகிறது. சட்டம் படிக்கப் பாரிஸுக்கு வந்திருக்கும் ராஸ்தின்யாக் என்னும் இளைஞனிடம், வோத்ரேன் என்னும் தந்திரக்காரன் விரல் மடக்கிக் கணக்குச் சொல்கிறான்: நீ இராப்பகலாகப் படித்து நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞர்களில் ஒருவனாகவே ஆனாலும், சொத்துள்ள பெண்ணை மணந்துகொள்பவன் ஒரே நாளில் அடையும் வாழ்வு உனக்கு எட்டாது. உழைத்துச் சேர்ப்பது பெரிதா, பரம்பரையாக வருவது பெரிதா என்னும் இந்தக் கேள்விதான் நூலின் உயிர். மூலதனத்தின் ஈட்டு விகிதம் பொருளாதார வளர்ச்சி விகிதத்தைவிட நெடுங்காலம் கூடுதலாக இருந்தால் பழைய சொத்து புதிய உழைப்பை முந்திவிடும் என்னும் அவருடைய புகழ்பெற்ற வாதத்தை, இந்தக் காட்சியை அறிந்தபின் படித்தால் வறண்ட சூத்திரமாகத் தோன்றாது.

ஆனால் நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது அவருடைய எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை. இந்தத் துறையின் பாதிச் சண்டை அதைப் பற்றியதுதான். வீடு வீடாகச் சென்று வருமானம் கேட்கும் கணக்கெடுப்பில் பெரும் செல்வர் அகப்படமாட்டார்கள். பத்தாயிரம் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், ஆயிரத்தில் ஒருவர் என்னும் உச்சியில் இருப்போர் சராசரியாகப் பத்துப் பேர்தான் அதில் வருவார்கள். அவர்களில் கதவைத் திறப்பவர் எத்தனை பேர், திறந்தவர்களில் உள்ளதை உள்ளபடி சொல்பவர் எத்தனை பேர்? அதனால்தான் பிக்கெட்டியும் அவருடைய கூட்டாளிகளும் வருமான வரி ஆவணங்களையும் வாரிசுச் சொத்துப் பதிவுகளையும் நாடினார்கள். பிரான்சில் அப்பதிவுகள் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் முதல் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் 1910 வாக்கில் மொத்தச் செல்வத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு மேல் பத்தில் ஒரு பங்கினரிடம் இருந்தது என்றும், இரண்டு உலகப் போர்களும் பணவீக்கமும் உயர்ந்த வரிகளும் சேர்ந்து அதை 1970 வாக்கில் 60 விழுக்காட்டை ஒட்டிக் குறைத்தன என்றும் அவர் காட்டுவது இந்த வழியில்தான்.

வரி ஆவணத்துக்கும் கண்படாத இடம் உண்டு. மறைத்து வைத்த செல்வம் அதில் இராது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத அடித்தட்டு மக்களும் இருக்கமாட்டார்கள். 2014இல் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழ் அவருடைய செல்வக் கணக்குகளில், குறிப்பாகப் பிரிட்டனைப் பற்றியவற்றில், பிழை இருப்பதாக எழுதியது. அவரும் விரிவாக மறுமொழி கொடுத்தார். இந்தச் சர்ச்சையைத் தெரிந்துகொண்டு நூலைப் படிப்பது நல்லது. இவருக்கு முன்பு, வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடிப் பிறகு தானாகக் குறையும் என்று 1955இல் சொன்ன சைமன் குஸ்நெட்ஸ், தம் கட்டுரையில் ஐந்து விழுக்காடுதான் தரவு, மீதி தொண்ணூற்றைந்தும் ஊகம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின்வந்த பலர் அந்த ஒப்புதலை மறந்துவிட்டு ஊகத்தை மட்டும் விதியாக எடுத்துக்கொண்டார்கள்.

அளவுகோல் பற்றியும் ஒரு சொல். ஒருவரின் வருமானம் 100லிருந்து 200 ஆகிறது, இன்னொருவருடையது 1,000லிருந்து 2,000 ஆகிறது என்று வையுங்கள். இருவருக்கும் இடையிலுள்ள விகிதம் மாறவில்லை. ஆகவே வருமான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் ஜினி குறியீடு அசையாது. இடைவெளியோ 900லிருந்து 1,800 ஆகிவிட்டது. ஏற்றத்தாழ்வு கூடியதா, கூடவில்லையா? எந்த அளவுகோலை எடுத்தாலும் அதற்குள் ஓர் அறத்தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதை ஆண்டனி அட்கின்சன் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே காட்டிவிட்டார். அவர் 2015இல் எழுதிய 'ஏற்றத்தாழ்வு: என்ன செய்யலாம்?' என்னும் நூல், பதினைந்து முன்மொழிவுகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் எழக்கூடிய மறுப்பைத் தாமே எடுத்துப் பேசுகிறது. பிக்கெட்டிக்குப் பதிலாக ஒரே ஒரு பொருளியல் நூல்தான் படிக்க முடியும் என்றால் இதைச் சொல்வேன். கூட்டத்தை விட்டுப் போன இருவரைத் திரும்ப அழைத்துவர வேண்டுமானால், பிராங்கோ மிலனோவிச்சின் 'இருப்போரும் இல்லாதோரும்' சிறு சிறு கட்டுரைகளால் ஆனது; அன்னா கரேனினாவின் வருமானத்தைக்கூடக் கணக்கிட்டுப் பார்க்கிறது.

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

மேலே உள்ள பதில் "எவ்வளவு" என்பதற்கு விடை சொல்கிறது. உங்கள் நண்பர் கேட்டது "அதனால் என்ன" என்பது. எத்தனை அட்டவணைகளை அடுக்கினாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும், ஏனென்றால் அது அறவியலைச் சேர்ந்தது.

முதலில், உங்கள் நண்பரை எளிதாக எண்ணிவிட வேண்டாம். ஹாரி பிராங்க்ஃபர்ட் என்னும் தத்துவ அறிஞர் 1987இல் ஒரு கட்டுரையிலும், 2015இல் 'ஏற்றத்தாழ்வு பற்றி' என்னும் சிறு நூலிலும் ஏறத்தாழ இதையே வாதிட்டிருக்கிறார்: ஒழுக்க அடிப்படையில் முக்கியமானது ஒவ்வொருவருக்கும் போதுமான அளவு இருப்பது, எல்லோருக்கும் சமமாக இருப்பது அன்று. நூல் மிகச் சிறியது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். எதிர்வாதத்தை அதன் வலுவான வடிவில் படித்த பிறகுதான் மறுப்பு உறுதிப்படும் என்பதால் வரிசையில் இதை முதலில் வைக்கலாம்.

அந்த வாதத்தின் மூட்டு எங்கே கழலும் என்றால், "போதும்" என்னும் சொல்லில். ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' நூலில், வரிகளைப் பற்றிய பகுதியில், ஒரு லினன் சட்டையைப் பற்றிப் பேசுகிறார். உயிர்வாழ்வதற்கு அந்தச் சட்டை தேவையே இல்லை; பழைய கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமல் வசதியாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் நாள்கூலிக்காரர் ஒருவர் லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவார் என்கிறார் ஸ்மித். அப்படியானால் எது போதும் என்பதைத் தனியொருவருடைய வயிற்றை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சுற்றியிருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும். மேல்மட்டம் உயர உயர, தலைநிமிர்ந்து நடப்பதற்கான விலையும் உயர்கிறது. அமர்த்தியா சென் இந்தப் பத்தியைப் பல இடங்களில் எடுத்தாண்டு, மனிதர்க்கு வேண்டிய ஆற்றல்கள் மாறாதவை, அவற்றை அடைய வேண்டிய பொருள்கள் மட்டும் சமூகத்துக்குச் சமூகம் மாறுபவை என்று விளக்குகிறார்.

சென் எழுதியவற்றில் முதலில் எதை எடுக்கலாம் என்று கேட்டால், பலர் சொல்லும் 'நீதி பற்றிய கருத்து' நூலைவிட, 1981இல் வந்த 'வறுமையும் பஞ்சங்களும்' நூலையே சொல்வேன். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சென் ஒன்பது வயதுச் சிறுவனாகப் பார்த்தவர். அந்த ஆண்டில் கிடைத்த உணவு, பஞ்சமே இல்லாத 1941ஐ விடக் குறைவு அன்று என்று அவர் காட்டுகிறார். அப்படியும் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள்; நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் கைவினைஞர்களும் மாண்டார்கள். முடிதிருத்துபவருடைய கூலிக்கு எவ்வளவு அரிசி கிடைத்தது என்பதைக்கூட அவர் ஆராய்கிறார். அரிசி விலை ஏறும்போது மக்கள் முதலில் தள்ளிப்போடுவது முடிவெட்டைத்தான். ஆகவே கூலியும் விழுந்து, வேலையும் குறைந்து, அவரால் வாங்க முடிந்த அரிசி இருபுறமும் சுருங்கியது. போர்க்காலச் செலவால் நகரத்தில் சிலருடைய வாங்கும் திறன் கூடியதே கிராமத்தில் மற்றவர்களுடைய உணவைப் பறித்தது. ஆயிரம் மடங்கு வேண்டாம், சில மடங்கு வேறுபாடே சந்தையில் கொல்லக்கூடும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்றை நான் படித்ததில்லை. வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் தனித்தனிப் பெட்டிகளில் போட முடியுமா என்று உங்கள் நண்பரிடம் இந்த இடத்தில் கேளுங்கள்.

தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய 'நீதிக் கோட்பாடு' கடினமான நூல். முழுவதையும் குழுவாகப் படிப்பது தண்டனையாகிவிடும். மைக்கேல் சாண்டலின் 'நீதி' நூலில் ரால்ஸைப் பற்றிய அத்தியாயம் போதுமானது. ஒன்றை மட்டும் மூலத்தில் தேடிப் படியுங்கள்: அரசியல் உரிமைகள் தாளில் சமமாக இருந்தால் போதாது, அவற்றின் மதிப்பும் சமமாக இருக்க வேண்டும், அதற்காகவே செல்வம் ஓரிடத்தில் மிகையாகக் குவிவதைத் தடுக்க வேண்டும் என்று ரால்ஸ் சொல்லும் பகுதி. உங்கள் இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடம் அது.

மறுபக்கம் எழுதியது:

முந்தைய இரண்டு பதில்களும் நன்றாக இருந்தன, ஆனால் இரண்டும் ஒரே திசையில் இழுப்பவை. சான்று கேட்கும் நண்பர் இருக்கும் குழுவில் மறுதரப்பின் நூல் ஒன்றாவது இருக்க வேண்டும்.

ராபர்ட் நோசிக் 1974இல் எழுதிய 'அராஜகம், அரசு, கற்பனையுலகு' நூலில் ஒரு கூடைப்பந்து வீரரை முன்வைத்து ஒரு கணக்கு வரும். எல்லோரிடமும் சமமான பணம் இருக்கும் நிலையில் தொடங்குங்கள். வில்ட் சேம்பர்லேன் ஆடுவதைப் பார்க்கப் பத்து இலட்சம் பேர் ஆளுக்கு 25 சென்ட் மனமுவந்து கொடுக்கிறார்கள். ஆட்டக் காலம் முடியும்போது அவரிடம் 2,50,000 டாலர் இருக்கிறது. தொடக்கம் நியாயமானது, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் நியாயமானது என்றால் முடிவு மட்டும் எப்படி அநியாயமாகும்? ஃபிரெடரிக் ஹாயெக் இன்னும் ஒரு படி மேலே போய், சந்தையில் பங்கிடுபவர் என்று எவரும் இல்லாதபோது "சமூக நீதி" என்னும் சொல்லுக்கே பொருளில்லை என்றார். எனக்கு இருவரோடும் உடன்பாடு இல்லை. நோசிக்கின் கதையில் சேம்பர்லேனின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது என் குறை. ராஸ்தின்யாக்கின் கதையோ முழுக்க முழுக்கப் பிள்ளைகளைப் பற்றியதுதான். ஆனால் இந்தக் குறையை என்னால் சொல்ல முடிந்ததே நோசிக்கைப் படித்ததால்தான்.

இவர்களைவிட எளிதாகப் படிக்கக்கூடியவர் ஆங்கஸ் டீட்டன். அவர் 2013இல் எழுதிய 'மாபெரும் தப்பித்தல்', பல ஏற்றத்தாழ்வுகள் முன்னேற்றத்தின் விளைவாகவே பிறக்கின்றன என்கிறது. ஒரு புதிய மருந்து வந்தால் அது முதலில் சிலருக்குத்தான் கிடைக்கும்; அந்த இடைவெளியைக் கண்டு அஞ்சி மருந்தே வேண்டாம் என்பதா? முன்னே தப்பித்துப் போனவர்கள் தங்களுக்குப் பின்னால் வழியை அடைத்துவிடும்போதுதான் கேடு தொடங்குகிறது என்று அவரும் ஒப்புக்கொள்கிறார்.

மக்களாட்சி பற்றிய சான்றுக்கு வருகிறேன். அமெரிக்காவைப் பற்றி இரண்டு நூல்கள் உள்ளன: லாரி பார்ட்டெல்ஸ் 2008இல் எழுதிய 'சமமற்ற மக்களாட்சி', மார்ட்டின் கிலென்ஸ் 2012இல் எழுதிய 'வசதியும் செல்வாக்கும்'. கிலென்ஸ், பெஞ்சமின் பேஜுடன் சேர்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், 1981 முதல் 2002 வரை கருத்துக் கணிப்புகளில் கேட்கப்பட்ட 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துக்கொண்டு, யாருடைய விருப்பம் பின்னர் சட்டமானது என்று பார்த்தார்கள். வசதி படைத்தோரும் நடுத்தரத்தாரும் வேறுபடும் இடங்களில், நடுத்தரத்தாரின் விருப்பத்துக்குத் தனித்த விளைவு ஏறக்குறைய இல்லை என்பது முடிவு. இதை மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த வரியைச் சொல்வதில்லை: பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பாரும் ஒரே கருத்தில்தான் இருந்தார்கள். ஆகவே நடுத்தரத்தார் விரும்பியதும் பல முறை நடந்தது. செல்வர் விரும்பியதால் நடந்ததா, இவர்கள் விரும்பியதால் நடந்ததா என்று பிரித்தறிவதில்தான் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு. சான்று வேண்டும் என்ற நண்பரிடம் கட்டுரையையும் அதற்கு வந்த மறுப்புகளையும் சேர்த்தே கொடுங்கள். அவர் விரும்பிய அளவுக்கு அது தெளிவாக இராது.

முதல்வரி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பிராங்க்ஃபர்ட்டில் தொடங்கி, ஸ்மித்தின் அந்தச் சில பக்கங்கள், சென், அட்கின்சன், பிறகு கிலென்ஸ் என்று வரிசை போட்டிருக்கிறேன். பிக்கெட்டியின் ஏழாம் அத்தியாயத்தை நேற்றிரவே படித்துவிட்டேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று மாதம் போராடியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு குறை மட்டும் தோன்றுகிறது. இந்த நூல்கள் எல்லாம் உயரத்திலிருந்து பார்ப்பவை. ஏற்றத்தாழ்வுக்குள் நின்றுகொண்டு எழுதப்பட்டவை ஏதேனும் உண்டா?

ஒற்றைக்கமா எழுதியது:

உண்டு. இரண்டு சொல்கிறேன், இரண்டும் வெவ்வேறு வகை.

பார்பரா எரன்ரைக் என்னும் பத்திரிகையாளர், குறைந்த கூலியில் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை அறிய, உணவகப் பணியாளராகவும் வீடு துடைப்பவராகவும் கடைச் சிப்பந்தியாகவும் அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் வேலை செய்து பார்த்து எழுதிய 'நிக்கல் அண்ட் டைம்டு' 2001இல் வந்தது. அதில் என்னை நிறுத்திய இடம் வாடகைக் கணக்கு. உடன் வேலை செய்தவர்களில் சிலர் விடுதி அறையில் நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ தங்கியிருந்தார்கள். மாத வாடகைக்கு வீடு எடுத்தால் செலவு குறையும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முதல் மாத வாடகையையும் முன்பணத்தையும் ஒரே நேரத்தில் புரட்ட முடியாததால், ஒவ்வொரு வாரமும் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கூடுதலாகக் கொடுத்ததால் முன்பணம் சேரவே இல்லை. தாம் எப்போது வேண்டுமானாலும் வீடு திரும்பக்கூடியவர் என்பதை எரன்ரைக் மறைக்கவில்லை. உள்ளே நின்று எழுதியவர் என்று அவரை முழுமையாகச் சொல்ல முடியாததற்குக் காரணமும் அதுவே.

முழுமையாக உள்ளே நின்றவர் அம்பேத்கர். இவ்வளவு நீண்ட உரையாடலில் அவர் பெயர் இதுவரை வராதது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தத் துறை முழுவதையும் கேள்விக்கு உட்படுத்துகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரிப்பது, பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது என்கிறார் அவர். வருமானத்தை மட்டும் அளக்கும் ஜினி குறியீட்டுக்கு இந்த அடுக்கு தென்படாது. உங்கள் இரண்டாம் நண்பருக்கு அவர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையையும் கொடுங்கள்: 1950 சனவரி 26 அன்று நாம் முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் நுழையப் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வு இருக்கும் என்று அதில் எச்சரித்தார். அது புள்ளிவிவரச் சான்று அன்று. ஆனால் ஒரு மக்களாட்சியின் சட்டத்தை எழுதிய கையே அதன் விரிசலைச் சுட்டிய இடம்.

'சாதி ஒழிப்பு' நூலை எடுக்கும்போது உரைக்குள் நேரே போய்விட வேண்டாம். லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்னும் சாதி எதிர்ப்புச் சங்கத்தின் மாநாட்டில் தலைமையுரையாக நிகழ்த்துவதற்கு எழுதப்பட்டது அது. சில பகுதிகளை நீக்கும்படி அவர்கள் கேட்க, ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் மறுக்க, மாநாடு நடக்கவே இல்லை. அவர் தம் சொந்தச் செலவில் அதை அச்சிட்டார். அந்தக் கடிதங்கள் நூலின் முகப்பிலேயே உள்ளன. ஆங்கிலப் பதிப்பின் 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனதையும், குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதையும் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். ஆகவே உங்கள் பட்டியலில் இந்த ஒரு நூலையாவது ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் படிக்கலாம்.